2014 புலிஞி-மோன்ராஷே: ஒரே பெட்டில ஒரு பாட்டில் அருமை, அடுத்தது பழுப்பு. இது வயசா, ப்ரீமாக்ஸா (காலத்துக்கு முன்னாடியே ஆக்சிஜன் பட்டு கிழடாகுறது)?

வெள்ளைக்கோப்பை:

வணக்கம். பிரான்ஸோட பர்கண்டி வெள்ளை ஒயின் சேத்து வைக்கிறவங்க இங்க சில பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்குறேன். 2014 புலிஞி-மோன்ராஷே, ப்ரீமியே க்ரூ (உச்சத் தரத்துக்கு ஒரு படி கீழ), மார்க்கெட்டுக்கு வந்தப்பவே ஒரு பெட்டி வாங்கினேன். நான் இருக்கிறது லண்டன், வீட்ல வைக்க வசதி கிடையாது, அதனால டெம்பரேச்சர் கண்ட்ரோல் பண்ற வேர்ஹவுஸ்லயே விட்டு வச்சு போன வருஷம் தான் வெளிய எடுத்தேன். யாரோட ஒயின்னு இங்க சொல்ல வேணாம்னு பாக்குறேன், நல்ல பேர் உள்ள டொமைன் (ஒயின் தயாரிக்கிற பண்ணை) தான்.

முதல்ல தொறந்தது அவ்ளோ நல்லா இருந்துச்சு. வெளிறின தங்கக் கலர், ஓரத்துல லேசா பச்சை, எலுமிச்சைத் தோல் வாசனை, வறுத்த ஹேசல்நட், கொஞ்சம் வெண்ணெய், முழுங்கின பிறகும் அந்தப் புளிப்பு நாக்கு ஓரத்துல ரொம்ப நேரம் நின்னுச்சு. இதுக்காகத் தானே இத்தனை வருஷம் காத்திருந்தோம்னு சந்தோஷமா இருந்துச்சு.

அடுத்த பாட்டில், அதே பெட்டி, பக்கத்து குழியில இருந்தது. கிளாஸ்ல ஊத்தும்போதே மனசு உடைஞ்சுடுச்சு. கலர் அடர் மஞ்சளத் தாண்டி பழுப்பு பக்கம் போயிடுச்சு, நறுக்கி வச்சு மறந்துபோன ஆப்பிள் வாசனை, தேன், அதுக்குக் கீழ ஷெர்ரி மாதிரி ஏதோ, வாயில வச்சா தட்டையா இருக்கு, பழமே இல்ல, கடைசில ஒரு கசப்பு. வித்தவர்கிட்ட எழுதிக் கேட்டேன், பத்து வருஷம் ஆச்சுல்ல, இயல்பா முதிர்ந்திருக்குன்னு பதில் வந்துச்சு. முதிர்ச்சின்னா ஏன் ஒண்ணு மட்டும் முதிருது? வேர்ஹவுஸ்ல சூடு பட்டிருக்குமா? மிச்ச பாட்டிலை இப்பவே குடிச்சுத் தீத்துடணுமா, இல்ல வைக்கலாமா?

பரிஸ்_சோமெலியே:

வணக்கம் தம்பி. நான் பரிஸில ஒரு ரெஸ்டோரண்டில சோமெலியேயா (வைன் பரிமாறிற ஆள்) வேலை செய்யிறன், வெள்ளை பூர்கோஞ் (நீங்கள் சொல்லுற பர்கண்டி) தான் எங்கட லிஸ்டில கூட, உந்த ரெண்டு போத்தல் கதை எனக்கு வடிவா விளங்குது. நீங்கள் சொன்ன ரெண்டாவது போத்தல் ப்ரீமாக்ஸ் தான், இயல்பான வயசு எண்டு சொல்ல ஏலாது.

முதல்ல வேர்ஹவுஸ் கதையை முடிப்பம். சூடு பட்டிருந்தா பெட்டி முழுக்கப் பட்டிருக்கும், பக்கத்துப் பக்கத்தில கிடந்த ரெண்டு போத்தலில ஒண்டு மட்டும் தப்பாது. சூடு பட்ட போத்தலில கார்க் கொஞ்சம் மேல தள்ளிக் கிடக்கும், இல்லாட்டி கார்க்கை மூடியிருக்கிற கேப்சூலுக்குக் கீழ வைன் கசிஞ்சு ஒட்டிக் கிடக்கும். அப்பிடி ஒண்டும் நீங்கள் எழுதேல்லை. ஒண்டு நல்லது ஒண்டு கெட்டது எண்டு தாறுமாறா வாறது தான் இந்த வருத்தத்தின்ர குணமே.

நல்லா வயசான வெள்ளை பூர்கோஞ் எப்பிடி இருக்கும் எண்டா, நிறம் தங்கமா மாறும், ஆனா மினுக்கம் போகாது. பழம் குறைஞ்சு ஹேசல்நட், தேன், காளான், டோஸ்ட் எண்டு வரும், ஆனா புளிப்பு நடுவில நிமிர்ந்து நிக்கும், முடிவு நீளமா இருக்கும். 1985, 1989 வருஷத்து வைன் ஒழுங்கா வச்சிருந்த இடத்தில இருந்து வந்தா இப்பவும் அப்பிடித் தான் நிக்குது. ப்ரீமாக்ஸ் போத்தலிலயும் தேன் வாசம் வரும், அதால தான் ஆக்கள் குழம்புறது, ஆனா அங்க உள்ளுக்க ஒண்டும் இராது, நடு வெறுமை. கிளாஸில விட்டு ஒரு கால் மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கோ. உயிர் இருக்கிற வைன் பெரும்பாலும் விரியும், ப்ரீமாக்ஸ் வைன் பெரும்பாலும் இன்னும் கறுக்கும், ஆப்பிள் வாசம் கூடும். டிகாண்டரில (காத்துப்பட ஊத்தி வைக்கிற குடுவை) விட்டுக் காப்பாத்த ஏலாது, அது எரியிற நெருப்பில எண்ணெய் விடுற வேலை.

இது 1995, 1996 வருஷத்து வைனுகளில தான் முதல் முதல் பெரிசா தெரிய வந்தது. 1996 புளிப்பு சரியான கூட, முப்பது வருஷம் நிக்கும் எண்டு எல்லாரும் வாங்கி அடுக்கினவை. 2000க்குப் பிறகு அதுகளைத் திறக்கேக்க தான் பழுப்புப் பழுப்பா வரத் தொடங்கினது. முதல்ல டொமைன்காரர் ஆரும் ஒத்துக்கொள்ளேல்லை, நீங்கள் வச்ச விதம் பிழை எண்டு தான் சொன்னவை. மெர்சோ, புலிஞி, ஷஸாஞ், கோர்ட்டோன்-ஷார்லமாஞ், ஷாப்லி எண்டு எல்லா இடத்திலயும், விலை கூடினது குறைஞ்சது எண்ட வித்தியாசம் இல்லாம வந்த பிறகு தான் மெல்ல மெல்ல வாய் திறந்தவை.

குடுவை:

நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, ஒயின்ல ஆக்சிஜன் என்ன செய்யுதுங்கிறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். சோமெலியே அண்ணா சொன்னதுல ஒரு இடம், ஏன் ஒரு பாட்டில் மட்டும்னு கேட்டீங்கல்ல, அதை ஒரு கணக்காவே போட்டுக் காட்டலாம்.

பாட்டில்ல அடைக்கும்போது ஒயின்ல ஃப்ரீ சல்ஃபர் டை ஆக்சைடு (ஆக்சிஜன்லேருந்து ஒயினைக் காக்குற பொருள்) லிட்டருக்கு 30 மில்லிகிராம் இருக்குன்னு வச்சுக்கோங்க, 750 மில்லில 22.5 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ள வந்தா அது ஏறக்குறைய 4 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடைத் தின்னும். அப்போ மொத்தமா ஐந்தரை மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன் போதும், காவல் காலி. இப்போ ஒரு கார்க் வருஷத்துக்கு அரை மில்லிகிராம் ஆக்சிஜன் விடுதுன்னா 11 வருஷம் தாங்கும். பக்கத்து பாட்டில் கார்க் ஒன்றரை மில்லிகிராம் விடுதுன்னா நாலு வருஷத்துக்குள்ள முடிஞ்சுது. நிஜத்துல இது இவ்ளோ நேர்கோட்டுல போகாது, ஆனா ரெண்டு கார்க்குக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன வித்தியாசம் பத்து வருஷத்துல எவ்ளோ பெரிசாகுதுன்னு இதுலயே புரிஞ்சிடும். கார்க் மரப்பட்டைல வெட்டி எடுக்கிற பொருள், ரெண்டு ஒரே மாதிரி இருக்கவே இருக்காது.

சல்ஃபர் தீர்ந்த பிறகு என்ன ஆகுதுன்னா, ஒயின்ல இருக்கிற ஃபீனால்கள்ங்கிற சேர்மங்கள் ஆக்சிஜனோட சேர்ந்து க்வினோன்ங்கிற பொருளா மாறும், இரும்பும் செம்பும் துளித்துளியா இருக்கிறதே அதுக்கு வேகம் குடுக்கப் போதும். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி ஆல்கஹாலை அசெட்டால்டிஹைடா மாத்தும், நீங்க முகர்ந்த அந்த நறுக்கின ஆப்பிள் வாசனை பெரும்பாலும் அது தான். பழுப்பு நிறம் க்வினோன் வழியா வர்றது. சிவப்பு ஒயின்ல டானின் மூட்டை மூட்டையா இருக்கு, வர்ற ஆக்சிஜனை அது வாங்கிக்கும், வெள்ளைக்கு அந்த வசதி இல்ல.

இன்னொண்ணு, இது நம்ம மூக்குக்கு நல்லாவே பழக்கம். சோட்டோலான்னு ஒரு பொருள், வெந்தயத்துக்கு அந்த வாசனையைக் குடுக்கிறதே இது தான். பிரான்ஸ்ல இருக்கிற போர்டோ (Bordeaux) பல்கலைக்கழகத்துல டெனி தூபூர்தியோ குழு இதை நல்லா ஆராய்ஞ்சிருக்காங்க, வயசுக்கு முன்னாடி கிழடு தட்டின வெள்ளை ஒயின்ல சோட்டோலான் ஏறுது, லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் வாக்குலயே மூக்கு கண்டுபிடிச்சிடும். அதனால சந்தேகமா இருந்தா கிளாஸ்ல வெந்தயம் தேடிப் பாருங்க, நம்மள்ல பல பேருக்கு தேன், ஷெர்ரின்னு வார்த்தை தேடுறதை விட இது சுலபம். திராட்சைல இயல்பாவே இருக்கிற குளூட்டாதயோன், க்வினோனைப் பிடிச்சு நிறுத்துற பொருள், பாட்டில்ல அது நிறைய மிஞ்சி இருந்தா இந்த முதுமை தள்ளிப்போகுதுன்னும் அதே குழு சொல்லிருக்காங்க.

திராட்சைத்தோட்டம்:

கார்க் மேலயே எல்லாப் பழியையும் போட்டுட்டு போறது எனக்கு சரியாப் படல. கார்க் காரணமில்லன்னு சொல்லல. ஆனா 1970கள்லயும் 80கள்லயும் அதே கார்க் மரம் தான், அதே போர்ச்சுகல் தான், அப்போ ஏன் இவ்ளோ வரல? நான் அறுவடை சமயத்துல பர்கண்டி போயி பாதாள அறைல கூலி வேலை பாத்திருக்கேன், அங்க வயசானவங்க சொல்றதை கேட்டா பிழிசல்லேருந்தே ஆரம்பிப்பாங்க.

பழைய பிரஸ், வாஸ்லன்னு சொல்வாங்க, ரெண்டு பக்கமும் தட்டு நெருங்கி வந்து பிழியும், உள்ள சங்கிலி கிடக்கும், அது பழக் கட்டியை உடைச்சு விட, திரும்பப் பிழியும். சாறு கலங்கலா, காத்துபட்டு காப்பி நிறத்துல வரும். பாத்தா பயமா இருக்கும், ஆனா சீக்கிரம் கெடக்கூடிய ஃபீனால் அங்கயே ஆக்சிஜனைக் குடிச்சு பழுப்பாகி அடில படிஞ்சிடும், நொதிக்கும்போது ஒயின் திரும்ப வெளுத்துடும். அதுக்கப்புறம் நியூமேட்டிக் பிரஸ் வந்துச்சு, பலூன் மாதிரி மெதுவா அமுக்கும், சாறு தெளிவா பளிச்சுன்னு வரும், காத்தே படாம காப்பாத்துவாங்க. எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனா வெளியேறி இருக்க வேண்டிய ஃபீனால் எல்லாம் உள்ளயே உக்காந்துகிட்டு பாட்டில்ல ஆக்சிஜன் வர்ற வரைக்கும் காத்திருக்கு. சின்ன வயசுல எந்த அடியும் படாத ஒயின், பெரிசானதும் முதல் அடிலயே சாயுது.

இதோட அந்தக் காலத்து ருசி மாறினதையும் சேருங்க. 90கள்ல தடிமனா, வெண்ணெயா, புது ஓக் வாசனையோட சீக்கிரமே குடிக்கிற மாதிரி வேணும்னு கேட்டாங்க. பழத்தை நல்லா கனிய விட்டு பறிச்சாங்க, புளிப்பு குறைஞ்சுது, பிஹெச் ஏறுச்சு, பிஹெச் ஏறினா ஃபீனால் ஆக்சிஜனோட சேர்றது இன்னும் வேகம். பாட்டொனாஜ்னு பீப்பாய்க்குள்ள குச்சியை விட்டு அடில கிடக்கிற ஈஸ்ட் வண்டலைக் கலக்குறது, ஒவ்வொரு தடவையும் மூடியைத் தொறந்தா உள்ள காவலுக்கு இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயி ஆக்சிஜன் உள்ள வரும். அதே நேரம் சல்ஃபர் கெட்டதுன்னு ஒரு பேச்சு வந்து அதையும் குறைச்சுட்டாங்க. இத்தனையும் ஒரே பத்து வருஷத்துல நடந்தது. ஒவ்வொண்ணும் தனித்தனியா சின்னது, சேர்ந்து வந்தப்போ தாங்கல.

குடுவை:

நீங்க சொல்றதும் நான் சொன்னதும் மோதல தோழர். ஒரு ஒயின் எவ்ளோ பலவீனமா பாட்டிலுக்குள்ள போகுதுங்கிறதை பிரஸ், பாட்டொனாஜ், சல்ஃபர் முடிவு பண்ணுது, ஆனா அது அந்த வருஷத்து மொத்த சரக்குக்கும் பொது. ஒரே பீப்பாய்லேருந்து ஒரே நாள் அடைச்ச பாட்டில்கள்ல ஒண்ணு நிக்குது ஒண்ணு விழுதுன்னா அந்த வித்தியாசத்தைக் கொண்டு வரக்கூடியது மூடியும் அடைக்கிற மெஷினும் தான். 30 மில்லிகிராம் சல்ஃபரோட வலுவா போன ஒயின்னா மோசமான கார்க்கையும் கொஞ்ச வருஷம் சமாளிச்சிருக்கும், 20ல போனது சமாளிக்காது.

கார்க் மரம் அதே தான், ஆனா கார்க் தயாரிக்கிற முறை மாறுச்சு. முன்னாடி குளோரின்ல வெளுப்பாங்க, அது கார்க் நாத்தத்துக்குக் காரணமான டிசிஏவை உண்டாக்குதுன்னு தெரிஞ்சதும் பெராக்சைடுக்கு மாறினாங்க. சரியா அலசாம பெராக்சைடு கார்க்ல மிஞ்சினா அதுவே சல்ஃபரைத் தின்னும்னு ஒரு சந்தேகம் உண்டு. மேல பூசுற மெழுகுக்கு பதிலா சிலிகோன் கூட்டினதால கார்க் வழுக்கி சரியாப் பிடிக்கலன்னும் சொல்றாங்க. இந்த ரெண்டையும் குற்றவாளின்னு யாரும் முழுசா நிரூபிக்கல, ஆனா காலம் பொருந்துது, அதனால தள்ளவும் முடியல.

வெள்ளைக்கோப்பை:

அக்கா, அண்ணா, தோட்டக்காரர் எல்லாருக்கும் நன்றி. கிளாஸ்ல மிச்சம் வச்சிருந்ததை முகர்ந்து பாத்தேன், வெந்தயம் சொன்னதும் சட்டுன்னு பிடிபட்டுச்சு, வறுத்து பொடிச்ச வெந்தயம் அப்படியே இருக்கு. இப்போ ரெண்டு கேள்வி. தொறக்காமலே எது கெட்டதுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? இனிமே வாங்கும்போது எதைப் பாத்து வாங்குறது, இந்தப் பிரச்சனை இப்போ தீந்துடுச்சா இல்லையா?

பரிஸ்_சோமெலியே:

திறக்காமப் பாக்கிறதுக்கு நாங்கள் ரெஸ்டோரண்டில செய்யிற வேலையைச் சொல்லுறன். ஒரே பெட்டிப் போத்தல் எல்லாத்தையும் வரிசையா நிறுத்துங்கோ, அறை லைட்டை நிப்பாட்டுங்கோ, ஃபோன் டார்ச்சை கழுத்துக்குக் கீழ, தோள் வளையுற இடத்தில பின்னால பிடியுங்கோ. பூர்கோஞ் போத்தல் கண்ணாடியே காய்ஞ்ச இலை மாதிரி பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், அதால தனிய ஒரு போத்தலைப் பாத்து ஒண்டும் சொல்ல ஏலாது, ஒண்டோட ஒண்டை ஒப்பிட்டாத் தான் தெரியும். மற்றதுகளை விடக் கறுத்துத் தெரியிறதை ஒதுக்கி வையுங்கோ. வைன் மட்டத்தையும் பாருங்கோ, ஒண்டு மட்டும் இறங்கிக் கிடந்தா அதின்ர கார்க்கை நம்பாதேங்கோ. இது நூறு வீதம் சரிவாற முறை இல்லை, வெளிறிக் கிடந்த போத்தலும் திறந்தா ஏமாத்தும், ஆனா கறுத்துத் தெரிஞ்சது நல்லா வந்தது குறைவு. கறுத்ததுகளை முதல்ல திறவுங்கோ, வெளிறினதை வைக்கலாம், ஆனா இயற்கைக் கார்க் 2014 எண்டா நான் கனகாலம் வைக்க மாட்டன்.

இப்ப நிலைமை எப்பிடி எண்டா, முந்தியை விட எவ்வளவோ திருந்தியிருக்கு, முழுக்கப் போகேல்லை. பெரிய மாற்றம் டியாம் கார்க். இயற்கைக் கார்க்கைச் சின்னச் சின்ன மணியா அரைச்சு, அழுத்தத்தில வச்ச கார்பன் டை ஆக்சைடால கழுவி டிசிஏவை எடுத்துப்போட்டு, திரும்ப ஒட்டிச் செய்யிறது. ஒவ்வொண்டும் ஒரே அளவு தான் ஆக்சிஜன் விடும், அது தான் இதில முக்கியம். 5, 10, 30 எண்டு வருஷக் கணக்கில வருகுது. புஷார், ஜாடோ, ஷாப்லியில வில்லியம் ஃபேவ்ர் எண்ட தயாரிப்பாளர் எல்லாம் மாறிட்டினம். டொமைன் லெஃப்லேவ் 2014 வருஷத்து வைனில இருந்து டியாம், மெர்சோவில தொமினிக் லாஃபோன் 2013இல இருந்து. இந்த ரெண்டு பேரும் மாறினது சின்ன விசயம் இல்லை, இவை அந்த ஊரின்ர முன்வரிசை ஆக்கள். ஷாப்லியில லரோஷ் அதுக்கும் முதலே உச்சத் தரமான க்ரான்ட் க்ரூ வைனுக்குக் கூட ஸ்க்ரூ கேப் போட்டுப் பாத்தவை, ஆனா அவ்வளவு விலை குடுத்து வாங்கிற ஆக்கள் திருகித் திறக்க விரும்பேல்லை, அதால அந்த வழியில கனபேர் போகேல்லை. எனக்கு அது கவலை தான், வைனுக்கு நல்லது அது.

கார்க்கைத் திறக்கேக்க பக்கவாட்டில பாருங்கோ, மணி மணியா ஒரே சீரா இருந்தா டியாம். மரத்தின்ர கோடும் துளையும் தெரிஞ்சா இயற்கை. வாங்க முதல் கடைக்காரரிட்ட எந்த மூடி எண்டு கேளுங்கோ, அது கேக்கக் கூடாத கேள்வி இல்லை. கொஷ்-தூரி மாதிரிப் பெரிய பெயர்கள் இன்னும் இயற்கைக் கார்க்கில தான் நிக்கினம், அவையின்ர வைன் வலுவாப் போத்தலுக்குள்ள போறதால நான் அதுக்குப் பயப்பிடுறது குறைவு.

திராட்சைத்தோட்டம்:

அண்ணா சொன்னதோட தோட்டத்துலயும் பாதாள அறைலயும் நடக்கிறதையும் சேத்துக்கோங்க. பாட்டொனாஜை நிறைய பேர் குறைச்சுட்டாங்க, சில பேர் முழுசா விட்டுட்டாங்க. சாறை வேணும்னே பழுப்பாக விடுறதும் திரும்ப வந்திருக்கு. வழக்கமான 228 லிட்டர் பீப்பாய்க்குப் பதிலா பியர்-ஈவ் கோலான்-மொரேங்கிற தயாரிப்பாளர் 350 லிட்டர் பீப்பாய் வைக்கிறார், பெரிய பீப்பாய்னா ஒவ்வொரு லிட்டருக்கும் மரத்தோட உரசல் கம்மி, வண்டலையும் கலக்குறதில்ல, பாட்டில் வாய்க்கு மெழுகு. இந்த மாதிரி ஒயின்ல தீக்குச்சி கிழிச்ச வாசனை வரும், அதைப் பாத்து கெட்டுப்போச்சுன்னு ஊத்திடாதீங்க, இது ஆக்சிஜன் கூடினதால இல்ல, குறைஞ்சதால வர்றது, கொஞ்சம் டிகாண்டர்ல விட்டா திறந்துக்கும்.

எனக்கு இருக்கிற கவலை வேற. வெயில் ஏறிக்கிட்டே போகுது. 2003லயும் 2020லயும் ஆகஸ்ட்லயே பறிச்சாங்க. சர்க்கரை ஏறுது, புளிப்பு இறங்குது. மூடியை மாத்தியாச்சுன்னு நிம்மதியா இருந்துட்டு பழத்தை நேரத்துல பறிக்காம விட்டா டியாம் 30 போட்டாலும் உள்ள காப்பாத்த ஒண்ணும் இருக்காது.

குடுவை:

கடைசியா ஒண்ணு சேத்துக்கிறேன். கையில காசு இருந்தா மேக்னம் வாங்குங்க. 1.5 லிட்டருக்கும் அதே கழுத்து, ஏறக்குறைய அதே கார்க், அப்போ ஒரு லிட்டருக்கு வர்ற ஆக்சிஜன் பாதி தான், மேல போட்ட கணக்குல காலம் ரெட்டிப்பாகும். வித்தவர் இயல்பான முதிர்ச்சின்னு எழுதினார்ல, அவருக்கு ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல வச்சு வெள்ளைத் தாள் பின்னணில போட்டோ எடுத்து அனுப்புங்க, நீங்க வேர்ஹவுஸ்ல வச்சிருந்ததுக்கு ரசீது இருக்கும், அதையும் சேத்து. ஒரே பெட்டி, ஒரே அறை, ரெண்டு நிறம்னா அதை முதிர்ச்சின்னு சொல்லித் தப்பிக்க முடியாது.